நடு போல்ட் மாட்ட முந்தி

தம்பிமார், தகடு வெட்டுகிற மிதி கட்டரின் பிளேட்டைத் தீட்டிக்கொண்டு வந்தால் எப்படித் திருப்பிப் பூட்டுவது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை பிழையாக எழுதி நீங்கள் சிரிப்பீர்களோ என்று யோசித்தே இவ்வளவு நாளும் பேனையைத் தொடவில்லை.

சுருக்கமாகச் சொன்னால் விசயம் இவ்வளவுதான். மேல் பிளேட்டும் கீழ்ப் பிளேட்டும் மோதவும் கூடாது, விலகி நிற்கவும் கூடாது. மெல்லிய தாள் ஒன்றை நீட்டுக்கு வைத்து மிதித்துப் பாருங்கள். ஒரு முனையில் இருந்து மறு முனைவரைக்கும் தாள் சுத்தமாக வெட்டுப்பட வேணும். நடுவில் வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போனால் அந்த இடத்தில் பிளேட் வயிறு தள்ளி நிற்கிறது. தகட்டின் ஓரத்தில் கையைக் கீறுகிற பிசிறு வந்தாலும் காரணம் அதேதான். தீட்டத் தீட்டப் பிளேட் ஒடுங்கும். ஒடுங்கின அளவுக்கு மேலே மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து அண்டை கொடுக்க வேணும். மிச்சத்தை உங்கள் காலும் கையும் தானாகப் பழகிவிடும்.

தானாகப் பழகாத விசயம் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் ரிஸ்மியைப் பற்றி எழுத வேணும். நீங்கள் யாரும் ரிஸ்மியோடு வேலை செய்யவில்லை.

கரண்டும் கேஸும் பெற்றோலும் இல்லாமல் நாடு படுத்துக் கிடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பட்டறையில் இருந்த கரண்ட் கட்டர் பாதி நாளைக்கு மேல் சும்மா நின்றது. அதே நேரம் புத்தளத்தில் இருந்து கற்பிட்டி வரைக்கும் எல்லா வீட்டுக்கும் விறகடுப்பு தேவைப்பட்டது. தகட்டில் அடுப்புச் செய்து தாருங்கள் என்று சனம் வாசலில் வந்து நின்றது. எங்கள் முதலாளி ஹாஜியார் பின்பக்கத்தில் தார்ப்பாயால் மூடிக் கிடந்த மிதி கட்டரை இழுத்து வெளியே எடுக்கச் சொன்னார். அதற்குக் கரண்ட் வேண்டாம், காலிருந்தால் போதும்.

கடல் காற்றுப் பட்ட இரும்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிளேட் நடுவில் மொட்டை. தகட்டை வெட்டவில்லை, மென்று துப்பியது. கையில் பிடிக்கிற கிரைண்டரால் ஒரு தேய்ப்புத் தேய்ப்போம் என்று எங்களோடு வேலை செய்த சப்ரி சொன்னான். பிளேட் சூடேறி நீலம் பாய்ந்தால் பிறகு இரும்புக்கு உயிரில்லை என்று சொல்லி நான் விடவில்லை. சிலாபத்தில் தண்ணீர் ஓடவிட்டுத் தீட்டுகிற சிங்கள மேஸ்திரி ஒருவர் இருந்தார், பாஸ் என்றுதான் கூப்பிடுவோம், அவரிடம் ஜெனரேட்டரும் இருந்தது. ரிஸ்மிதான் பிளேட்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனான். திரும்பி வருகிற வழியில் சன நெரிசலில் யாருடைய காலையாவது வெட்டிவிடுமோ என்று பயந்து முழுத் தூரமும் மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம். "ஹெமின் ஹெமின்" என்று பாஸ் சொல்லி அனுப்பினார், ஆறுதலாக, அவசரப்படாமல் பூட்டுங்கள் என்று. எங்களுக்கு ஆறுதல் எங்கே இருந்தது?

அது நோன்பு மாசம்.

ரிஸ்மிக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது. பட்டறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் சொல்லித் தெரியவில்லை. நான் எதையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவன். என்னை எல்லோரும் "யோசனை நானா" என்றுதான் கூப்பிட்டார்கள், எல்லாவற்றுக்கும் யோசிக்கிற அண்ணன் என்று. அவன் அடிக்கடி பைப்படிக்குப் போவதைப் பார்த்தேன். சேட்டுப் பையில் மருந்துக் குளிசை அட்டை தெரிவதைப் பார்த்தேன். ஒருநாள் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"நானா, வாயைத் திறந்திடாதீங்க," என்றான். "ஹாஜியாருக்குக் காதில விழுந்தா என்ட கதை முடிஞ்சிடும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தி வெல்டிங் செய்த ஒருவர் தலைசுற்றி விழுந்தார். ஹாஜியார் கெட்ட மனிதர் இல்லை. வாகனம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார், பார்க்கப் போனார், "சுகமாகிட்டு வாங்க" என்றார். பிறகு கூப்பிடவே இல்லை. அடிபட்டால் பொலிஸ், கேஸ் என்று வரும் என்ற பயம் அவருக்கு. ரிஸ்மி தில்லையடியில் வாடகை வீட்டில் இருந்தான். அந்த வீட்டில் உழைக்கிற கை அவனுடையது மட்டும்தான். நாட்டில் ஒருவனுக்கும் வேலை இல்லாத நேரம் அது. வேலை போனால் அவன் எங்கே போவான்? நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

ஆனால் நோன்பு வந்ததும் எனக்கு நித்திரை இல்லாமல் போனது. வருத்தக்காரனுக்குச் சலுகை இருக்கிறது, நோன்பை விடு, பிறகு கழா செய்யலாம் என்று சொன்னேன். எங்கள் ஆட்கள் அல்லாதவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன், விட்ட நோன்பை வேறொரு நாளில் பிடித்து ஈடு செய்வதுதான் கழா.

ரிஸ்மி சிரித்தான். "எல்லாரும் நோன்பு பிடிக்கிற இடத்தில நான் மட்டும் தண்ணி குடிச்சா ஏன் எண்டு கேக்க மாட்டாங்களா? வருத்தத்த மறைக்க நோன்பும் பிடிக்கத்தான் வேணும் நானா."

சிலாபத்தில் இருந்து பிளேட் வந்து சேர்ந்த நேரம் பின்னேர அசர் தொழுகை முடிந்திருந்தது. நாளைக்குப் பூட்டுவோம் என்று நான் சொன்னேன். நோன்பு துறக்க முந்தின அந்தக் கடைசி நேரம் இருக்கிறதே, அது எங்கள் தொழிலுக்கு நல்ல நேரம் இல்லை. கண் பார்க்கும், கை கேட்காது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை தளரும், ஆனால் தளருது என்று வாயால் சொல்ல யாருக்கும் வெட்கம்.

"யோசனை நானா தொடங்கிட்டார்," என்றான் சப்ரி. "நாலு போல்ட் நானா! கஞ்சி வாறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"நாளைக்கு விடிய ஆக்கள் அடுப்புக்கு வந்து நிப்பாங்க," என்றார் ஹாஜியார், பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி எடுக்கப் போகிற வழியில். "பூட்டி வைங்க."

நான் ரிஸ்மியைப் பார்த்தேன். அவன் பாஸ் சொன்ன "ஹெமின் ஹெமின்" என்பதைச் சொல்லிக்கொண்டு சட்டைக் கையை மடித்தான். முகம் சரியாகத்தான் இருந்தது, அல்லது சரியாக இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேல் பிளேட்டைப் பூட்டும்போது ஒருவர் கீழே இருந்து தாங்க வேணும். அன்றைக்கு நாங்கள் செய்த முறை இது. ரிஸ்மி முன்பக்கம் நின்று இரண்டு உள்ளங்கையாலும் பிளேட்டைத் தூக்கி மேல் சட்டத்தோடு அணைத்துப் பிடித்தான். சப்ரி பின்பக்கம் குந்தியிருந்து நட்டைப் போட்டான். நான் இடது முனையில் ஸ்பானரோடு நின்றேன். மேல் சட்டம் இறங்காமல் இருக்க மரக்கட்டை வைத்திருந்தோம். அந்தக் கட்டை சரியாக இருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்ததற்குச் சப்ரி என்னை என்னென்னவோ சொன்னான். கட்டை அசையவில்லை. நான் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது முனையில் போல்ட் ஏறிவிட்டது, கையால் திருகின இறுக்கம்தான். அடுத்தது நடு போல்ட். அது ஏறினால் பிளேட்டை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொள்ளலாம்.

"ரிஸ்மி, கொஞ்சம் மேல தூக்கு," என்றேன்.

பிளேட் அசையவில்லை.

"மேல மச்சான், ஓட்டை தெரியல்ல," என்றான் சப்ரி பின்னால் இருந்து.

"பஸ் போயிட்டு," என்றான் ரிஸ்மி.

"என்ன பஸ்? நோன்பு தலைக்கேறிட்டு இவனுக்கு!" சப்ரி சிரித்தான். அவன் இருந்த இடத்தில் இருந்து ரிஸ்மியின் முகம் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. நெற்றியில் இருந்து வியர்வை தாடிக்கு ஓடியது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் அதில் நான் இல்லை. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட நல்லது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சாவகாசமாகத் திறந்துகொண்டிருந்தன. அந்த விரல்களுக்கு மேலே புதிதாகத் தீட்டின பிளேட், கீழே மற்றப் பிளேட்.

இந்த இடத்தில்தான் தம்பிமார் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். பிளேட்டைப் பிடிப்பதா, ஆளைப் பிடிப்பதா? பிளேட் விழுந்தால் அதன் வாயும் உடையும், கீழ்ப் பிளேட்டின் வாயும் உடையும். இன்னொரு பிளேட் அப்போது காசு கொடுத்தாலும் நாட்டுக்குள் கிடையாது. உங்கள் கை தானாகச் சாமானைப் பிடிக்கத்தான் போகும். இத்தனை வருஷம் சாமானைப் பிடிக்கத்தான் கையைப் பழக்கியிருக்கிறோம். என்னுடைய கையும் பிளேட்டுக்குத்தான் பாதி வழி போனது. பாரத்தை ஒருவனால் ஒரு முனையில் நின்று தாங்க ஏலாது என்று பிறகுதான் உறைத்தது. ஸ்பானரை எறிந்துவிட்டு ரிஸ்மியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். இருவரும் தகட்டுக் குவியலில் விழுந்தோம். பிளேட்டின் மற்ற முனை இறங்கிக் கீழ்ப் பிளேட்டில் மோதிய சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

"அல்லாஹ்வே! பிளேட்டு!" என்று சப்ரி கத்தினான்.

நோன்பு துறக்கச் சப்ரி கரைத்து வைத்திருந்த சர்பத் ஜக்கு மேசையில் இருந்தது. குளிசை போடுகிறவன் பட்டினி கிடந்தால் உடம்பில் சீனி இறங்கிவிடும், அந்த நேரம் இனிப்புத்தான் மருந்து. அதை எடுத்துவந்து ரிஸ்மியின் தலையைத் தூக்கி வாயில் ஊற்றினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நோன்பு," என்றான். அது மட்டும் தெளிவாக வந்தது.

"குடிடா!" என்று நான் ஏசினேன். வாழ்க்கையில் யாரையும் அப்படி ஏசினதில்லை. தாடையை அழுத்தித் திறந்து ஊற்றினேன். பாதி உள்ளே போனது. பாதி தாடியிலும் சேட்டிலும் ரோசா நிறத்தில் வழிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கண் திரும்பியது. எழும்பி உட்கார்ந்து சேட்டைப் பார்த்தான். பிளேட்டைப் பார்த்தான். நோன்பு துறக்கப் பள்ளிவாசலில் பாங்கு இன்னும் சொல்லவில்லை.

அந்த நேரம்தான் ஹாஜியார் கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். அவர் கண்ணில் பட்டது என்ன? ஒரு முனையில் தொங்குகிற பிளேட். அதன் வாயில் அரிசி அளவுக்கு ஓர் உடைவு. தரையில் வாயெல்லாம் சர்பத்தாக உட்கார்ந்திருக்கிற ரிஸ்மி.

"என்ன நடந்த?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரிஸ்மி என்னைப் பார்க்காமலே முந்திக்கொண்டான்.

"தாகம் தாங்க ஏலாமப் போச்சு ஹாஜியார். விட்டிட்டுப் போய்க் குடிச்சிட்டன்."

"பிளேட்ட விட்டிட்டா?"

"ஓம்."

ஹாஜியார் கஞ்சியை மேசையில் வைத்தார். "பாங்குக்கு இன்னம் எவ்வளவு நேரம் இருந்த? சின்னப் புள்ளைகளும் பொறுத்துக்கொண்டு இருக்குதுகளே ரிஸ்மி." அவ்வளவுதான் சொன்னார். பிறகு பாங்கு சொன்னது. எல்லோரும் ஈத்தம்பழத்தை எடுத்தோம். ரிஸ்மியும் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், சாப்பிடவில்லை.

அன்றைக்கு அவனோடு நடந்து போனேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். எனக்குக் கோபம். அவனை மட்டுமில்லை, என்னையும் சேர்த்து யாரோ கேவலப்படுத்திவிட்டது மாதிரி.

"பசி தாங்காதவன ஏசுவாங்க, சிரிப்பாங்க," என்றான். "வேலையால நிப்பாட்ட மாட்டாங்க. வருத்தக்காரன அப்படி இல்ல நானா. அன்பா வீட்டுக்கு அனுப்புவாங்க."

மறுநாள் விடியற்காலையே பிளேட்டைப் பூட்டினோம். உடைந்த இடத்தை எண்ணெய்க் கல்லில் தேய்த்து மட்டம் செய்தோம். முழுதாக வரவில்லை. இந்த முறை நான் இரண்டு பலகையைக் கீழே கொடுத்து, ஆப்பு அடித்து, பிளேட்டைப் பலகையின் மேல் உட்கார வைத்தேன். யாருடைய கையும் கீழே இல்லை. பலகை வெட்டிக்கொள்ள நேரம் போகிறது என்று சப்ரி முணுமுணுத்தான். போகட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மனிதனுடைய கையை முட்டுக் கொடுக்கப் பாவிக்காதீர்கள், அவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும். போல்ட்டைத் தொட முந்தி எதிரே நிற்கிறவன் முகத்தைப் பாருங்கள். இரண்டு வார்த்தை கதையுங்கள். பதில் சுணங்கினால், அல்லது கேள்விக்குப் பொருந்தாமல் வந்தால், ஸ்பானரைக் கீழே வையுங்கள். நோன்பு மாசத்தில் அசருக்குப் பிறகு பிளேட்டைக் கழற்றவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம். முதலாளி ஏசினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் நோன்பு துறக்க உட்கார்ந்தபோது சப்ரி ஈத்தம்பழத் தட்டை முதலில் ரிஸ்மியிடம் நீட்டினான். "மச்சானுக்குக் குடுங்க, அவர் பாங்கு வரைக்கும் இருக்க மாட்டார்." எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்மியும் சேர்ந்து சிரித்தான். அவன்தான் எல்லோரையும் விட அதிகம் சிரித்தான். பள்ளிவாசலில் பின் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கதை போய்விட்டது. அவன் மகள் குர்ஆன் மதரசாவில் இருந்து அழுதுகொண்டு வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த மாசத்தில் மிச்ச நாட்களில் அவன் நோன்பு பிடிக்கவில்லை. அதற்கு நான்தான் அவனை ஒத்துக்கொள்ள வைத்தேன். பகல் லுஹர் தொழுகைக்கென்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குளிசை போட்டுவிட்டு வந்தான். அது ஒருவருக்கும் தெரியாது. பெருநாள் கழிந்து உடம்பு கொஞ்சம் தேறின பிறகு ஒவ்வொன்றாகக் கழா செய்தான். "என்ட நோன்ப நீங்க உடைச்ச அந்த நாளத்தான் முதல்ல கழா செஞ்சன்," என்று சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சப்ரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவோமா என்று எத்தனையோ தரம் வாய்வரைக்கும் வந்தது. சப்ரி கெட்டவன் இல்லை, தெரிந்தால் அழுவான். ஆனால் அழுதுகொண்டே நாலு பேரிடம் சொல்லிவிடுவான். ஆகவே சொல்லவில்லை. ரிஸ்மிக்கு வேலையும் இருந்தது, பகிடியும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகத்தான் அவன் சுமந்தான். அதற்குப் பிறகு வந்த நோன்பு மாசத்துக்கும் வேலைக்கு வந்தான். அதற்கடுத்ததுக்கு வரவில்லை. சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் மவுத்தானான். ஜனாஸாவுக்கு ஹாஜியார் வந்தார், சப்ரி வந்து மண் அள்ளிப் போட்டான். இவ்வளவு நாளாக வருத்தம் இருந்ததா, எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த அசர் நேரத்தையும் இந்த வருத்தத்தையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்கு நினைவிருக்கும். போன மாசம் பிளேட்டைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள். எனக்குக் கண் மங்கல் என்றாலும் விரலால் தடவிச் சொல்வேன் என்று வந்தேன். உங்களில் ஒருவர் வளைத்த தகட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போனை எடுக்க ஓடினார். மற்றவர் சொன்னார், "இந்தா, ரிஸ்மிட நோன்பு வந்திட்டு இவனுக்கு." எல்லோரும் சிரித்தீர்கள். முடிகிற நேரத்தில் வேலையைக் கைவிட்டால் இந்தப் பட்டறையில் அதற்குப் பெயர் அதுதான் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"ரிஸ்மி எண்டா ஆரு தம்பி?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு கதை நானா," என்றீர்கள். "அப்படி ஒரு ஆள் இருந்திருக்க மாட்டான்."

உங்கள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவன் யார் என்று சொல்ல ஏலவில்லை. என் சத்தியம் இன்னும் முடியவில்லையே. பட்டறையில் இருந்து நேரே தில்லையடிக்குப் போனேன். ரிஸ்மியின் பொண்டாட்டி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள், சுவரோரம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே விசயத்தைச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடவா, அவன் வேண்டாம் என்று சொன்னதாச்சே, மவுத்தானவனுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கலாமா என்று கேட்டேன். எனக்கே என் பேச்சு நீளுவது தெரிந்தது.

அவள் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டையும் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க நானா," என்றாள். "இனி அவர ஆரு வேலையால நிப்பாட்டப் போறாங்க?"